லிஸ்பனிலிருந்து மூன்று மணி நேரம்

தொண்ணூறுகளின் கடைசியில், தம்பி இரவல் பாஸ்போட்டில் லிஸ்பனிலிருந்து பிராங்க்ஃபேர்ட்டுக்குப் பறந்து வந்தான். “பத்து மணிக்கு வெளிக்கிடுது அண்ணை” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான். பயணம் மூன்று மணி நேரம். விமான நிலையத்தில் காத்து நின்றேன். ஒரு மணிக்கு அவன் வரவில்லை. ஒன்றரைக்கும் இல்லை. பிடிபட்டுவிட்டான் என்றே நினைத்தேன். அறிவிப்புப் பலகைக்குக் கீழே இரண்டு பொலிஸார் நின்றதால் நிமிர்ந்து பார்க்கவும் பயம். அடுத்து என்னைத் தேடுவார்கள் என்று தோன்றியதும் ரயிலேறி வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது.

“நான் வந்து நிக்கிறன் அண்ணை. நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

லிஸ்பனில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடுவது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஓம்... நித்திரையாப் போனன். இப்ப வாறன்.”

இன்றைக்கும் என்னை நித்திரைக்காரன் என்று எல்லார் முன்னாலும் பகிடி பண்ணுவான். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று அவனுக்கு முன்பே நான் அங்கே வந்திருந்தேன் என்பதை மட்டும் இதுவரை சொல்லவில்லை.