படகில் மூன்றாவது ஆள்

என் தோழியின் வாயிலிருந்து "ஆமா" என்ற சொல் வந்த அன்றைக்குத்தான் எனக்கு முதலில் வயிறு எரிந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். கோடைக்குப் படகுப் பயணம் உறுதிதானே என்று கேட்டேன். "ஆமா, ஆமா, நான் அறையும் சொல்லி வைச்சிட்டன்" என்றாள். நாங்கள் இருவரும் டுசல்டோர்ஃபில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவருடைய தாய்தகப்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு அகதிகளாக வந்தவர்கள். பிறந்த நாள் முதல் நாங்கள் ஆமாவுக்கு "ஓம்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். கார்ல்ஸ்ரூஹேக்கு வேலை மாறிப் போன பின்னும் அவள் அப்படித்தான் பேசினாள். இந்த "ஆமா" யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவளுடைய வீட்டுக்கு மேல்மாடியில் கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி வந்து குடியேறியிருந்தாள். கணினி நிறுவனமொன்றில் வேலை. தனியாள். முப்பது வயது இருக்கும். தோழி அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் பாவம் தனியாக இருக்கிறாள் என்றாள். பிறகு நல்ல பகிடிக்காரி, சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள் என்றாள். பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரும் சேர்ந்து காட்டுக்குள் ஓடப் போகிறார்கள் என்றாள். நான் "நல்லது" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போவேன்.

எங்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. பவேரிய வனம், செக் எல்லையை ஒட்டி. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து தனியாக விடலாம் என்ற வயது வந்ததும் நாங்கள் அங்கே போகத் தொடங்கினோம். கோடையில் ரேகன் ஆற்றில் துடுப்புப் போடுவோம். இலையுதிர் காலத்தில் மலை ஏறுவோம். பனிக்காலத்தில் லாங்லௌஃப், அதாவது சரிவில் பாய்ந்து இறங்குகிற பனிச்சறுக்கு அல்ல, ஒடுக்கமான சறுக்குப் பலகைகளில் காட்டுக்குள் நடந்தும் வழுக்கியும் போவது. அந்த இடம் டுசல்டோர்ஃபுக்கும் தூரம், கார்ல்ஸ்ரூஹேக்கும் தூரம். எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. அங்கே தெரிந்த முகம் ஒன்றும் எதிரே வராது. கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு, யார் வந்தது யார் வராதது என்ற கதை ஒன்றும் அந்த மரங்களுக்குள் நுழையாது. இரண்டு பொம்பிளைகள் தனியாகக் காட்டுக்குப் போகிறார்களாம் என்று எங்கள் சனங்களில் சிலர் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போய் வந்தால் நான் ஒரு மாதத்துக்கு நல்ல குணமாக இருக்கிறேன் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கோடையில் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு தோழி சொன்னாள், மேல்மாடிக்காரியும் வருகிறாளாம். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். நான் "வரட்டும்" என்றேன்.

படகு வாடகைக்குத் தருகிற இடத்தில் மூன்று பேருக்கு ஏற்ற நீளமான படகொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எப்போதும் தோழி முன்னால், நான் பின்னால். பின்னால் இருப்பவர்தான் திசை பிடிக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. அன்று காலையில் மேல்மாடிக்காரி நடுவில் இருந்தாள். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள், நீங்க வாங்க என்று மரியாதையாகப் பேசினாள். என் வயதுதான் என் தோழிக்கும். ஆனால் தோழியைப் பெயர் சொல்லி நீ, வா, போ என்றாள். தோழியும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. கற்களுக்கு நடுவே வழி தேடித் தேடிப் படகை நான் கொண்டு போனேன். ஒரு தடவைகூடக் கல்லில் தட்டாமல் போகிறோம் என்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மதியம் ஒரு தடுப்பணைக்குப் பக்கத்தில் படகைக் கரைக்கு இழுத்துச் சாப்பிட்டோம். விடிய எழும்பி, தங்கிய இடத்துச் சமையலறையில் நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்து கொண்டு போயிருந்தேன். மேல்மாடிக்காரி எலுமிச்சைச் சாதம் கொண்டு வந்திருந்தாள். தோழி சாதத்தை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். என்னுடைய பெட்டியில் ரோல்ஸ் மிஞ்சிக் கிடந்தது. அதை நான் மூடி வைக்காமல் வேண்டுமென்றே தோழியின் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அவள் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, மேல்மாடிக்காரியும் துடுப்புப் பிடித்துப் பார்க்கட்டும் என்று தோழி சொன்னாள். அவள் முன்னால் ஏறினாள். தோழி திசை பிடிக்கப் பழக வேண்டுமென்று பின்னால் போனாள். நான் நடுவில், நனையாத பைகளுக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கும் இடையில் உட்கார்ந்தேன். படகு கல்லில் முட்டியது, சுற்றியது, கரைக்குப் போய்ச் செடிக்குள் மூக்கைச் செருகியது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முன்னால் ஒரு சிரிப்பு, பின்னால் ஒரு சிரிப்பு. ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று தோழி கேட்டாள். வெயில் தலைக்குள் இறங்கிவிட்டது என்றேன்.

இலையுதிர் காலத்தில் நான் வேலை செய்கிற பல் வைத்தியசாலையில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்து, எனக்கு லீவு கிடைக்கவில்லை. தோழி பயணத்தைத் தள்ளிப் போடுவாள் என்று நினைத்தேன். அவள் மேல்மாடிக்காரியோடு போனாள். லூசன் மலையின் உச்சியிலிருந்து படங்கள் வந்தன. அந்த மலை உச்சி முழுக்கப் பெரிய பெரிய கருங்கற்கள். கீழே, முன்பு பூச்சி அரித்துச் செத்த மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்க, அவற்றின் காலடியில் புதுக்காடு எழும்பி வருகிறது. நானும் அவளும் எத்தனையோ தடவை நின்ற இடம். படத்தில் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ வழிப்போக்கரிடம் கைபேசியைக் கொடுத்து எடுத்திருக்க வேண்டும். நானும் அவளும் இத்தனை வருஷத்தில் அப்படி யாரிடமும் கொடுத்து எடுத்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்களிடம் அவளுடைய படம் இருக்கிறது, என்னுடைய படம் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் மலையில் ஒன்றுகூட இல்லை.

நான் பதில் எழுதவில்லை. கட்டைவிரல் அடையாளம்கூடப் போடவில்லை. என் கணவர் சில நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன்ர முகத்தைப் பாத்தா புருஷன் வேற வீட்டுக்குப் போன மாதிரியெல்லோ இருக்கு. நான் இஞ்சதான் நிக்கிறன்."

பனிக்காலத்துக்கு நான் போகாமல் விடலாம் என்று யோசித்தேன். ஆனால் போகாவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் போவார்கள். அது இன்னும் மோசம். அதோடு எனக்கு ஒரு ஆசையும் இருந்தது. கோயம்புத்தூரில் பனி கிடையாது. அவள் விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவள் விழுந்தாள். வண்டி நிறுத்துமிடத்திலேயே விழுந்தாள். பனியில் இயந்திரம் பதித்து விட்டிருந்த இரட்டைத் தடத்துக்குள் பலகையை வைக்கும்போது விழுந்தாள். சின்ன இறக்கம் வந்ததும் விழுந்தாள். ஒவ்வொரு முறையும் தோழி திரும்பிப் போய்க் கை கொடுத்தாள். பனியைத் தட்டி விட்டாள். "முழங்காலை மடி, முன்னுக்குச் சாய்" என்று சொல்லிக் கொடுத்தாள். எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே அளவு விழுந்து, நாங்களாகவே பழகினோம். அவள் விழுவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்பது மூன்றாவது விழுகையிலேயே தெரிந்துவிட்டது. விழுந்தால் என் தோழி அவளிடம் போகிறாள். விழாமல் நிற்கிற எனக்கு என்ன கிடைக்கிறது?

மேலே, சாப்பாடு விற்கிற குடிலில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். நல்ல பனி. மரங்களெல்லாம் கிளை தெரியாமல் வெள்ளையாக நின்றன. என் மூச்சையும் பலகை உராய்கிற சத்தத்தையும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு நாளுக்காகத்தான் நாங்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்போம். எனக்கு அதில் ஒன்றும் ருசிக்கவில்லை.

குடிலில் பட்டாணி சூப் வாங்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தேன். சூப் ஆறியது. இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள், இந்நேரம் கீழே கேக் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். போய்ச் சண்டை பிடிக்கிற வசனங்களையெல்லாம் தயார் பண்ணினேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு மேல்மாடிக்காரி தனியாக வந்தாள். தலை முதல் கால் வரை பனி. அவளுக்குப் பின்னால் தோழி வருகிறாளா என்று பார்த்தேன்.

தோழிக்கு ஒன்றுமில்லையாம். புதிதாக வாங்கிய சப்பாத்து குதிக்காலைக் கடித்துக் கொப்புளம் போட்டுவிட்டதாம். உட்கார்ந்து ஒட்டுத்துணி போட்டுக்கொண்டு மெல்ல வருகிறாளாம். இவளை முன்னால் அனுப்பியிருக்கிறாள்.

"நீ முதல்ல போ, அவ தனியா நின்னா என்னென்னவோ யோசிப்பான்னு சொன்னா" என்றாள். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு உங்களப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும்" என்றாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

லூசன் ஏறிய அன்று வழி முழுக்க என் கதைதானாம். இந்தக் கல்லில் அவள் உட்கார்ந்தாள், இந்த இடத்தில் வழி தவறினோம், இதைப் பார்த்தால் அவள் இப்படிச் சொல்லுவாள். கார்ல்ஸ்ரூஹேயில் சப்பாத்து வாங்கப் போனாலும் என் கதை, சமைத்தாலும் என் கதை. "உச்சியில போட்டோ எடுக்கறப்போகூட, அவ வந்திருக்கணும்னு சொன்னா. நான் பக்கத்துல நிக்கிறேன். எனக்கு இந்த ஊர்ல அவள விட்டா யாரும் இல்ல. அவளுக்கு நீங்க இருக்கீங்க."

சந்தோஷமாக இருந்தது; அதை மறைக்க வேண்டியும் இருந்தது. நான் போய் அவளுக்கு ஒரு சூப் வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "தெரியும்க்கா. படகுல உங்க முகத்தப் பாத்தேன்" என்றாள்.

தோழி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தபோது நாங்கள் இருவரும் ஒன்றும் நடவாததுபோல இருந்தோம்.

அடுத்த நாள் தோழிக்குச் சப்பாத்துப் போட முடியவில்லை. "எனக்கு ஏலாது, நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள். நாங்கள் போனோம். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவள் விழுந்தபோது நான் கை கொடுத்தேன். ஒரு நீண்ட இறக்கத்தில் அவள் விழாமல் கடைசி வரை போய் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் சறுக்குக் கம்பைத் துடுப்பைப் போலத் தூக்கி ஆட்டினேன்.

திரும்பி வந்தபோது தோழி சாளரத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். எந்தப் பக்கம் போனீர்கள், எவ்வளவு தூரம், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். சும்மா போனோம் என்றேன். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று மேல்மாடிக்காரி சொன்னாள். தோழி என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஏதோ கதைச்சிருக்கிறியள்" என்றாள்.

படகின் நடுவில் உட்கார்ந்த நாளிலிருந்தே அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதில் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.