அப்பா எழுந்து போகாத திருவிருந்து

எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டாகிறது. நினைவுநாளுக்கு அவரைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார் அக்கா. நல்லவை நிறைய உண்டு. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு இனி முகமில்லை.

அப்பா பிறந்தது யோங் பெங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். அவர் சிறுவராக இருந்தபோது, பட்டணத்து லுத்தரன் சபை மற்ற சபைகளோடு சேர்ந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தை நடத்த முடிவெடுத்தது. "அப்பத்துல ஆண்டவரோட மெய்யான சரீரம் இருக்குன்னு நாம சொல்றோம். அவங்க வெறும் ஞாபகத்துக்குன்னு சொல்றாங்க. ஒண்ணா முழந்தாள் போட்டா யாராவது ஒருத்தர் பொய் சொல்றோம்" என்று தாத்தா ஆறு குடும்பங்களோடு வெளியேறினார். ரப்பர் தாள் உலர்த்தும் தோட்டத்துப் புகைக்கொட்டகையில் பிறந்த எங்கள் சபை, பின்னர் சிகாமட்டில் சிற்றாலயம் கட்டியது. திருவிருந்து எடுப்பவர் முதல் நாளே போதகரிடம் பேர் கொடுக்க வேண்டும். வேறு சபைக்குப் போனவர் எடுக்கக் கூடாது. திமிர் பிடித்த சபை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். வெள்ளம் வந்தபோது சாதி மதம் பாராமல் அக்கம்பக்கத்தாரை அதில் ஏற்றிக் கரைசேர்த்தார். ஆனால் திருவிருந்தில் மட்டும் வளைந்து கொடுக்க மாட்டார்.

நான் கெலாங் பாத்தாவுக்குக் குடிபோய், அங்கே வேறொரு பெரிய சபையில் சேர்ந்துவிட்டேன். அப்பாவின் கடைசிக் கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தேன். ஆராதனையில் உறவினர் எல்லாரும் திருவிருந்துக்கு எழுந்து போக, நான் மட்டும் உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டு, பேர் கொடுக்காமலே போய் முழந்தாளிட்டேன். புதிய போதகருக்கு என் கதை தெரியாது. சபை மூப்பராக ரசக் கிண்ணம் ஏந்தி நின்றவர் அப்பா. என்னைக் கண்டும் கிண்ணத்தை நீட்டினார்.

வீட்டில் கேட்டார்: "பாஸ்டர்கிட்ட பேர் கொடுத்தியாப்பா?"

"கொடுத்தேன்ப்பா."

வேறு சபைக்காரன் பேரைப் போதகர் ஏற்க மாட்டார் என்பதால், அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு முதல் அப்பா பேர் கொடுக்கவில்லை. கிண்ணத்தையும் ஏந்தவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். போதகரோடு சண்டை என்று ஊர் பேசியது. "என்னன்னு கேட்டா வாயே திறக்க மாட்றாருடா" என்று அம்மா போனில் அழுதார். எனக்குக் காரணம் புரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் அவருக்கு மனமில்லை, என் பொய்யை மறைத்துக்கொண்டு முழந்தாளிடவும் மனமில்லை. புரிந்தும் ஏழு மாதம் வாய்மூடி இருந்தேன். நானெல்லாம் ஒரு பிள்ளை.

அப்பா நோயில் படுத்தார். மருத்துவமனையில் இனி சில நாள்தான் என்றார்கள். போதகர் அப்பமும் ரசமும் கொண்டுவந்தார். அப்பா தலையசைத்து மறுத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"பாஸ்டர், கிறிஸ்மஸ் அன்னைக்கு நான் பேர் கொடுக்காம எடுத்தேன். அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

போதகர் அப்பாவைப் பார்த்தார். "இதுக்காகவாய்யா இத்தனை மாசம்?"

"அவனே சொல்லட்டும்னு இருந்தேன் பாஸ்டர்" என்றார் அப்பா. பிறகு வாய் திறந்து அப்பத்தை வாங்கிக்கொண்டார். நான் கதவோரமாக விலகி நின்றேன்.

மூன்றாம் நாள் அமைதியாகப் போனார். கடைசிவரை உடனிருந்த போதகருக்கும், தாதியருக்கும், சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. உறவினர்களே, அப்பாவுக்கு யாரோடும் சண்டை இல்லை. அந்த ஏழு மாதமும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.