அத்தான் காதால் ஓட்டிய கார்

அத்தான் கார் ஓட்டும்போது முகத்தை அதன் பக்கம் திருப்பமாட்டார். வலது காதைத்தான் திருப்புவார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில், நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தின் ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். கையில் துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற ரிமோட். எதிரே முழங்கை நீளத்துக்கு ஒரு கார், பின்னால் நீலப் புகையை விட்டுக்கொண்டு, காதை அடைக்கும்படி இரைந்துகொண்டு ஓடும். களத்தின் விளிம்புவரை போய், கீழே வயலில் விழப்போகிறது என்று நாம் பதறும் நேரத்தில் அவர் விரல் லேசாக அசையும். கார் வளைந்து திரும்பி அவர் காலடியில் வந்து நிற்கும். தெரியாதவர்கள் யாரும் அவருக்கு இரண்டு கண்ணும் பார்வையில்லை என்று நம்பமாட்டார்கள்.

அவர் வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டியவர். விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், தன்னோடு வேலை பார்த்தவர்களுடன் சேர்ந்து பாலைவன மணலில் ஓட்டுவதற்காக வாங்கியது அந்தக் கார். பேட்டரி பொம்மை அல்ல. உள்ளே எலுமிச்சம்பழ அளவில் நிஜமான என்ஜின். அதற்கென்றே கலந்து விற்கும் நைட்ரோ எண்ணெயில் ஓடும். சர்க்கரை முதலில் இடது கண்ணையும் பிறகு வலது கண்ணையும் கொண்டுபோன பின், அந்தக் காரையும் ஒரு பெட்டித் துணியையும் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அக்காதான் எண்ணெய் ஊற்றி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து கொடுப்பாள். நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். ஆனால் ஒருநாள்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. வண்டி தூரம் போனால் சத்தம் எப்படி மெலியும், தன் பக்கம் வந்தால் எப்படிக் கூர்மையாகும், சக்கரம் வழுக்கினால் எப்படித் திடீரென்று எகிறும் என்று அத்தான் எனக்கு ஒருமுறை விளக்கினார். நான் தலையாட்டினேன். அதாவது, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் ஆசிரியர். பைபாஸுக்கு அப்பால் ஒரு பொட்டலில் ஞாயிறு காலைகளில் ரிமோட் கார் பிரியர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லாரிடமும் மின்சாரக் கார்கள். ஒரு ஞாயிறு அத்தானை அழைத்துப் போனேன். புகையைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் ஓட்டியதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அடுத்த வாரங்களில் நான் தனியாகப் போனால், "அவர் வரலையா சார்?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு வருடமாக அங்கே போய்க்கொண்டிருந்த நான், பார்வையில்லாமல் கார் ஓட்டுகிறவரின் மச்சினன் ஆகிவிட்டேன். இது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் எண்ணெய் கிடைப்பது நின்றுபோனது. சென்னையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த கடைக்காரர் இனி தருவிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். என்ஜினும் அடைத்துக்கொண்டு இருமத் தொடங்கியிருந்தது. மின்சாரத்துக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கும் மாப்ள. ஆனா சத்தம் இல்லேன்னா, அது எங்க நிக்கிதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பார்த்துக்கலாம் அத்தான் என்றேன். அவர் என்ஜினைச் சுத்தம் செய்து தரச் சொல்லித்தான் காரை என்னிடம் கொடுத்தனுப்பினார். கல்லூரியில் கண்காட்சி வந்தது. எங்கள் துறை சார்பில் எதையாவது வைக்க வேண்டும் என்றார்கள். எரிபொருளில் ஓடிய வண்டியை மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டுவதைவிடப் பொருத்தமானது வேறென்ன என்று எனக்குத் தோன்றியது. அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பார் என்பதால் கேட்கவில்லை.

அந்த வேலை எனக்குத் தந்த சந்தோஷத்தை மறைத்தால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். என்ஜினையும் டேங்கையும் புகைக்குழாயையும் கழற்றினேன். டேங்க் இருந்த இடத்தில் பேட்டரிக்குத் தட்டு செய்தேன். என்ஜின் இருந்த இடத்தில் பிரஷ்லெஸ் வகை மின்மோட்டார் உட்கார அலுமினியத் தகட்டை நானே அறுத்து, துளையிட்டு, அரம் போட்டேன். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமும் வண்டியின் பெரிய பல்சக்கரமும் ரொம்பவும் நெருங்கினால் தேயும், விலகினால் நழுவும். நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கி, பிறகு அதை உருவி எடுத்தால் இடைவெளி சரியாக அமையும். அந்தக் காகிதத்தில் பல் பதிந்த தடம் ஒரே சீராக இருந்ததைப் பார்த்தபோது, நெடுநாளுக்குப் பிறகு என் படிப்பின் மேல் எனக்கே மரியாதை வந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை, கயிறு இழுக்க வேண்டாம். விசையைத் தொட்டால் கார் பாய்ந்தது. மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. மேசைமேல் கிடந்த என்ஜினை, பொட்டலுக்கு வரும் நண்பர் ஒருவர் ஆசையாக எடுத்துப் பார்த்தார். பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறவர். இதற்கு இனிமேல் வேலையில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். அது என்னுடையது அல்ல என்ற எண்ணமே அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை.

கண்காட்சிக்கு அக்காவையும் அத்தானையும் வரவழைத்தேன். மாணவர்கள், ஆசிரியர்கள், துறைத் தலைவர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். இந்தக் காரின் சொந்தக்காரர் இவர்தான், பார்வை இல்லாமலே ஓட்டுவார் என்று ஒலிபெருக்கியில் சொல்லி, ரிமோட்டை அவர் கையில் வைத்தேன். அவர் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணு மாப்ள," என்றார்.

"ஸ்டார்ட் பண்ணியாச்சு அத்தான். அழுத்துங்க."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்போதாவது ரிமோட்டை வாங்கியிருக்கலாம். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாங்கவில்லை. அவர் விசையை அழுத்தினார். கார் பாய்ந்தது. கூட்டத்தின் பேச்சில் அந்தச் சீறல் அவர் காதுவரை வரவேயில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். களத்தில் நிற்கும்போது ஒருநாளும் அப்படித் தேடியதில்லை. கார் நாற்காலி வரிசையில் மோதி மல்லாந்து விழுந்தது. நான்கு சக்கரமும் மேலே பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன. அவர் விசையை இன்னும் பிடித்திருந்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

நான் ஓடினேன். காரை நோக்கித்தான் ஓடினேன். மோட்டார் சூடாகிவிட்டதா, தகடு வளைந்துவிட்டதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அத்தான் ரிமோட்டை நீட்டிக்கொண்டு நின்றார். நான் முன்பு நின்ற இடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. வாயில் ஒரு சிரிப்பை வேறு வைத்திருந்தார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ரிமோட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பேருந்து நிலையத்தில் அத்தானை உட்கார வைத்துவிட்டு அக்கா என்னிடம் தனியாக வந்தாள். கோபமாகப் பேசவில்லை. "அந்தக் களத்துல நிக்கிற ஒரு மணி நேரந்தாண்டா அவரு யாரையும் எதுவும் கேக்காம இருப்பாரு," என்றாள். பேருந்து வந்ததும் அத்தான் படியில் கால் வைப்பதற்கு முன், பழைய என்ஜின் பத்திரமாக இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கு அத்தான் என்றேன். யோசிக்காமல் வந்த பொய் அல்ல. யோசித்துத்தான் சொன்னேன்.

பிறகு பரிகாரம் போல ஒன்று செய்தேன். அதே வகை என்ஜினின் சத்தத்தை இணையத்திலிருந்து எடுத்து, காரில் சின்ன ஸ்பீக்கரை வைத்துக் கொண்டுபோனேன். அத்தான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தினார். இது வண்டி போடுகிற சத்தம் இல்லை, வண்டியில் போடுகிற சத்தம், வழுக்கினால்கூட இதற்குத் தெரியாது என்றார். பழைய என்ஜினைக் கொண்டுவா என்று அன்று கேட்கவில்லை. எண்ணெய் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவரே சொல்லிக்கொண்டார். கார் எங்கள் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. அதன் கீழே என் பெயர் இருக்கிறது. நான்கு வருடங்கள் அப்படியே போய்விட்டன. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

போன மாதம் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலில் அவ்வளவு உற்சாகத்தைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. துறைமுகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் இப்போது திருச்சியில் இருக்கிறாராம். எங்கோ விசாரித்து நைட்ரோ எண்ணெய் ஒரு கேன் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"எண்ணெய் கெடச்சிருச்சு மாப்ள. என்ஜினை மாட்டிக் காரை எடுத்துக்கிட்டு வா. களம் காலியாத்தான் கெடக்கு."

மறுநாள் காலை வெறும் கையோடு போனேன். கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தக் கேன் இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது கொடுத்தேன், யாரிடம் கொடுத்தேன், பேருந்து நிலையத்தில் அவர் கேட்டபோது அது என்னிடம் இல்லை என்பது வரை. முடித்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்: அது இப்போது ஓடுகிறதா? தெரியாது என்றேன். கேட்டுச் சொல் என்றார்.

அங்கேயே பெங்களூருக்கு அழைத்தேன். நண்பர் மகிழ்ந்துபோனார். அதைத் தன் காரில் பொருத்தி, ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டுகிறாராம். அத்தானுக்காகப் பத்து நிமிடத்தில் மாடியிலிருந்து திரும்ப அழைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்து தொலைபேசியை அதன் பக்கத்தில் பிடித்தார். நான் என் தொலைபேசியை அத்தான் கையில் கொடுத்தேன். அவர் அதை வலது காதில் வைத்துக்கொண்டார். அந்த இரைச்சல் கூடம் முழுக்கக் கேட்டது. அடுப்படியிலிருந்து அக்கா வெளியே வந்து நின்றாள். சத்தம் ஏறியது, இறங்கியது. அத்தான் முகம் அசையவில்லை.

என்ஜின் நின்றதும் சொன்னார்: "தம்பி, கையை எடுத்த பெறகும் சத்தம் எறங்க நேரம் எடுக்குது பாருங்க. எண்ணெய் பத்தலை அதுக்கு. எண்ணெய் விடுற ஊசியைக் கால் திருகு தொறந்து விடுங்க. இப்படியே ஓட்டுனீங்கன்னா சூடாகிச் செத்துப்போயிரும்."

அந்தப் பக்கம் நண்பர் சரிங்கய்யா, சரிங்கய்யா என்றார். அத்தான் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். இந்த முறை நான் இருந்த பக்கமே நீட்டினார். திருப்பித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா என்று கேட்டேன். அக்கா வந்து கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தான் அடுப்படிப் பக்கம் திரும்பி, "மாப்ளைக்குக் காப்பி குடுத்தியா?" என்று கேட்டார்.

உள்ளே பால் வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா டம்ளரைக் கொண்டுவந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அதை எனக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.