கேச்சில் தங்கிவிட்ட வயது

எங்கள் தெருவில் யாராவது கைப்பேசியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வந்தால், அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள். நான் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் வேலைக்காலத்தைக் கழித்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்தக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், எதை யார் கையெழுத்து வாங்கி எரிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த அறிவுக்கும் கைப்பேசிக்கும் தொடர்பே இல்லை. ஆனால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், சோரியாங்குப்பத்தை ஒட்டிய எங்கள் ஊரில், விதிமுறை தெரிந்தவனுக்கு எல்லாமே தெரியும் என்றொரு நம்பிக்கை உண்டு. அதைக் கெடுப்பானேன் என்று, யாரும் பார்க்காத நேரத்தில் நானும் கொஞ்சம் படித்து வைத்துக்கொண்டேன்.

அன்று வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். கரும்பு விவசாயி.

"சார், இத்த கொஞ்சம் தொடச்சிக் குடுங்க."

"எதை, ஸ்கிரீனையா?"

"உள்ள சார். கேச்சு கேச்சுன்றானே, அத்த. ஞாயித்துக்கெழம மாப்ள வூட்லேந்து வராங்கோ. அதுக்குள்ள பொண்ணோட பழைய வயசு போயாவணும்."

விஷயம் இதுதான். அவருடைய மகள் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மூன்று ஆண்டுக்கு முன்பு, வில்லியனூரில் இணையதளம் நடத்தும் ஒரு திருமணத் தகவல் மையத்தில் அவள் பெயரைப் பதிந்தார். வயது முப்பது என்று உண்மையைப் போட்டார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மையத்துக்காரர் காதோடு ஒரு யோசனை சொன்னார். அடுத்த முறை இருபத்தொன்பது ஆனது. இந்த ஆண்டு இருபத்தெட்டு. உலகத்தில் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒன்று ஏற, இவளுக்கு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் குறுக்கே வந்திருக்கும்.

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்க, அவருடைய கைப்பேசி மட்டும் முப்பது என்றே காட்டியது. காரணம் எளியது. எங்கள் ஊரில் சிக்னல் ஆற்றுத் தண்ணீர் மாதிரி, வரும்போது வரும். அதனால் அவர் பாகூர் கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் வரன்களின் பக்கங்களைச் சேமித்துக்கொண்டு வந்து, வீட்டில் சாவகாசமாகப் படிப்பார். மகளுடைய பக்கத்தையும் முதல் நாளே சேமித்திருந்தார். அது அப்படியே இருந்தது. மையத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். "கேச் கிளியர் பண்ணுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்களாம்.

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் காலத்தில் "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்போம். கேட்டவர் எதுவும் புரியாமல், ஆனால் ஏதோ நடக்கிறது என்ற திருப்தியோடு போவார். அதே வேலையைத்தான் இது செய்கிறது.

"பழசு உங்க போன்ல இருந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றேன்.

"என் போன்ல இருந்தா பரவால்ல சார். மாப்ளயோட தாய்மாமன் ஒருத்தர் கீறாரு. 'உங்க பொண்ணு பக்கத்த நான் அப்பவே சேவ் பண்ணி வெச்சிக்கினு கீறேன்'னு போன்ல சொல்றாரு. நீங்க இங்க கிளியர் பண்ணா அவருதும் போயிடும்ல?"

"அவர் போன்ல இருக்கறது எப்படிப் போகும்?"

"எல்லாம் ஒரே நெட்டுதான சார்? ஏரில மதகத் தொறந்தா எல்லா வாய்க்காலும் எறங்காதா?"

"அவர் போன் வேற ஏரி."

அவர் நம்பவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். சரி, கேட்டதைச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். கேச் என்பது பிரவுசர் தன் வசதிக்காகத் தானே சேர்த்து வைப்பது, நம்மைக் கேட்காது. சேமித்த பக்கம் நாம் கேட்டுச் சேர்த்தது. முன்னதைத் துடைத்தால் பின்னது போகாது. இரண்டுக்கும் தனித்தனி நடவடிக்கை. இதை அவருக்கு விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டார். செட்டிங்ஸ் போய், எல்லா நேரமும் என்று காலத்தைக் குறித்து, கடவுச்சொற்கள் மேல் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, கேச்சைத் துடைத்தேன். பிறகு டவுன்லோட்ஸைத் திறந்தேன்.

வரிசையாக மாப்பிள்ளைகள். பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்பது பதிவறையின் முதல் விதி. ஒவ்வொன்றாகத் திறந்தேன். நம்மை வேண்டாம் என்றவர்கள், நாம் வேண்டாம் என்றவர்கள், பதிலே சொல்லாதவர்கள், இதற்குள் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டவர்கள் என்று அவரைக் கேட்டுக் கேட்டுப் பிரித்தேன். ஏம்பலத்துக்காரர் ஒருவர் முதலில் சேமித்த பக்கத்தில் ஓட்டு வீடு வைத்திருந்தார். பிறகு சேமித்ததில் அதே புகைப்படத்தோடு மாடி வீடு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு பையனின் பக்கம் மட்டும் மூன்று முறை சேமிக்கப்பட்டிருந்தது.

"இது ஏம்ப்பா மூணு?"

"அது சும்மா சார். பாக்கறதுக்கு."

உள்ளே என் மனைவி குரல் கொடுத்தாள். "ரிட்டயர் ஆனவரு திரும்ப ஆபீஸ் தொறந்துட்டாரு. டீ ஒண்ணா ரெண்டா?"

மகளின் பக்கத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. வேலை செய்த இடத்தின் புத்தி.

"ஜாதகத்துல என்ன வருஷம் போட்டிருக்கு?"

"பொறந்த வருஷந்தான்."

"நிஜமான வருஷமா?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னா சார் இப்பிடிக் கேக்கறீங்கோ? ஜாதகத்துல போயி பொய் எழுதுவாங்களா? கெரகத்துகிட்ட வெளயாடலாமா?"

"அந்த ஜாதகம் இப்போ எங்க இருக்கு?"

"போன மாசமே அவுங்ககிட்ட குடுத்தாச்சி. பத்துக்கு எட்டு பொருத்தம் சார்!"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மனிதர்களிடம் ஐந்து வயதைக் குறைத்து, கிரகங்களிடம் நாள் நட்சத்திரத்தோடு உண்மையை ஒப்படைத்து, அந்தக் காகிதத்தையும் அதே மனிதர்கள் கையில் கொடுத்திருக்கிறார். அவர்களும் ஒரு மாதமாக அதை வைத்துக்கொண்டு, ராசியையும் நட்சத்திரத்தையும் கட்டங்களையும் பார்த்தார்களே தவிர, வருடத்தைக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் பணிக்காலத்தில் எத்தனையோ மோசடிக் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சான்றிதழை இணைத்து அனுப்பிய மோசடியைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மகள் வந்தாள். கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருக்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள், என் கையிலிருந்த கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். முப்பது. பிறகு தன் கைப்பேசியில் மையத்தின் தளத்தைத் திறந்தாள். இருபத்தெட்டு.

"அவுங்ககிட்ட நெஜ வயச சொல்லிட்டேன்னியேப்பா?"

"சொன்னேன்மா. கொஞ்சம் கொறச்சி சொன்னேன்."

"தம்பிக்கு முப்பத்தொண்ணு. அவனுக்குக் கல்யாணம் ஆயி கொழந்த கீது. இனிமே அவன அண்ணான்னு கூப்புடணுமா?"

"எல்லாரும் கொறைக்கிறாங்கடி. நான் மட்டும் உத்தமனா இருந்தா நீ வூட்லயேதான் இருப்ப."

"இருந்துட்டுப் போறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பெரிப்பா, நான் அவருகிட்ட நாலஞ்சி தடவ பேசியிருக்கேன். மனுஷனாப் பேசறாரு. எனக்கு இந்த எடம் வேணும். ஆனா நாளைக்கி சண்ட வரும்போதெல்லாம் மாமியார் 'ஏமாத்திக் கட்டிக்கினு வந்தவ'ன்னு சொல்ற மாதிரி வேணாம்."

"உண்மய சொன்னா எடமே போயிடும்" என்றார் தகப்பனார்.

"ஞாயித்துக்கெழம நீயே சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அவர் தலையை ஆட்டினார். எங்கள் கொம்யூனில் அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள் உண்டு, இல்லை என்றும் உண்டு.

"இதை அழிக்கலாமா?" என்று அவளிடம் கேட்டேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் வேண்டும்.

"அழிச்சிடுங்க. முப்பதும் இப்போ நான் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண் பார்க்கும் வீட்டில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் நாற்காலியில் இருந்தால் வீட்டுக்கு ஒரு கனம். எனக்கும் கேசரி பிடிக்கும். மாப்பிள்ளை அமைதியாக இருந்தான். முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. தாய்மாமன்தான் பேசினார். நலம் விசாரித்து முடிந்ததும், நான் பயந்தபடியே சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"ஒரு சின்ன டவுட்டு. நாங்களும் மூணு வருஷமாத் தேடறோம். அப்போ சேவ் பண்ணதுல பொண்ணுக்கு முப்பதுன்னு கீது. நேத்து பாத்தா இருபத்தெட்டு. எது ஒரிஜினலு?"

பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் வியர்வை அரும்பியது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நான் கேசரியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அது கேச்சுங்க."

"இன்னாது?"

"கேச்சுங்க. பழசு உள்ளயே தங்கிடும். கிளியர் பண்ணா சரியாப் பூடும். சார் சொன்னாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைக் கனைத்தேன். உண்மையைச் சொன்னால் பக்கத்து வீட்டின் சம்பந்தம் போகும். பொய்யைச் சொன்னால் என் விதிமுறை போகும். இப்படிப்பட்ட நேரத்தில் அனுபவசாலி செய்வதையே செய்தேன். "அதாவது, கேச் என்பதற்கும் சேமித்த பக்கத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு" என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னை முடிக்கவிடவில்லை. கதவோரம் நின்றபடியே, "மாமா, ஜாதகம் கொண்டாந்திருக்கீங்களா? அதுல பாருங்க. அது கேச்சு இல்ல" என்றாள்.

தாய்மாமன் ஜாதகத்தை விரித்தார். கட்டங்களுக்கு மேலே இருந்த வருடத்தில் விரலை வைத்து, உதடுகள் அசைய எண்ணினார். முதல் எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை எண்ணினார்.

"முப்பத்திமூணு நடக்குதும்மா."

"ஆமா மாமா. முப்பத்திமூணு."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தான். "எனக்கு முப்பத்தேழு. நெட்டுல முப்பத்திமூணுன்னு போட்டு கீது."

"டேய், உன்ன யார்ரா கேட்டா?" என்றார் தாய்மாமன்.

வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். அதற்கு இல்லை என்ற ஒரே பொருள்தான் என்று தகப்பனார் முடிவுகட்டினார். அன்று முழுவதும் மகளோடு பேசவில்லை. என்னோடும்தான். நான் கேச்சைச் சரியாகத் துடைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் போன் ஒலித்தது. சிக்னல் கிடைப்பது அங்கேதான். நானும் சமாதானம் பேச அப்போது அங்கே போயிருந்தேன். பேசியது மாப்பிள்ளையின் தாயார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குது" என்றது குரல். தகப்பனார் போனைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆனா ஒண்ணு. எங்க சனத்துகிட்ட எல்லாம் இருபத்தெட்டுன்னு சொல்லி வெச்சிட்டோம். அந்தப் பக்கத்த மாத்தாதீங்கோ. யாராவது கேட்டா பொண்ணும் அதையே சொல்லட்டும்."

"தாராளமா!" என்றார் தகப்பனார். "அப்பிடியே இருக்கட்டும்மா, இன்னா இப்போ!"

மகள் கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"அத்த, இருபத்தெட்டு வயசுப் பொண்ணுதான் வேணும்னா, உங்க புள்ளைக்கு அந்தப் பக்கத்தயே கட்டி வெச்சிடுங்க. முப்பத்திமூணு வேணும்னா நான் இங்க கீறேன்."

இணைப்பு அறுந்தது. கோபத்தால் அறுந்ததா, சிக்னலால் அறுந்ததா என்று தெரியாது. தகப்பனார் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சிது. வந்தது ஒண்ணு. அதையும் தொரத்திட்டா" என்றார். கைப்பேசியை இறுக்கிப் பிடித்திருந்ததில் அவள் விரல்நுனிகள் வெளுத்திருந்தன. அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

கீழே இறங்கப் போகும்போது மறுபடி ஒலித்தது. இந்த முறை மாப்பிள்ளைதான், ஸ்பீக்கர் இல்லை. அவள் மாடியின் மூலைக்குப் போய் நின்று பேசினாள். அதிகம் பேசியது எதிர்முனைதான். ஒரே ஒரு முறை சிரித்தாள்.

"இன்னா சொன்னான்?" என்றார் தகப்பனார், அவள் திரும்பி வருமுன்பே.

"தையில வெச்சிக்கலாமாம். அவரோட பக்கத்துல முப்பத்தேழுன்னு திருத்தச் சொல்லி மையத்துக்குப் போன் பண்ணிட்டாராம். அவுங்க அம்மா சமையல்கட்டுக்குள்ள கதவ சாத்திக்கினு கீறாங்களாம். நாளைக்கி தொறந்துடுவாங்கன்றாரு."

"அப்போ உன் பக்கம்?"

"நீ இப்பவே போன் பண்ணு. முப்பத்திமூணுன்னு மாத்தச் சொல்லு."

அவர் போன் செய்தார். மையத்துக்காரர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். இவர், "மாத்துப்பா, சொல்றேன்ல" என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மகிழ்ச்சி முகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன்.

"மூணு வருஷமா பாத்துப் பாத்து எறக்கனேன் சார்" என்றார். "ஒரே நிமிஷத்துல அஞ்சும் ஏறிப் போச்சே."