ராணி திரும்பிப் போய்விட்டாள்

அக்கா, நீ சொன்னது பொய்யாகிவிட்டது. ராணி திரும்பிப் போய்விட்டாள்.

உன் வீட்டுக்காரர், மாமாவுக்கு, சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்ட் வந்தால் மதியம் போய் ராத்திரி பத்துக்குத்தான் வருவார். அந்த வாரங்களில் மட்டும் நீ நெய்வேலியிலிருந்து வடலூருக்கு பஸ் ஏறி வந்து, நம் வீட்டில் அந்த ராஜா ராணி சீரியலைப் பார்ப்பாய். மற்ற வாரங்களில் நான் போனில் கதை சொல்வேன். ராஜா சபையில் ராணியை அவமானப்படுத்தினான் என்றால் சிரிப்பாய்.

"பாத்துக்கினே இருடி. ஒருநாள் குதிரை ஏறிப் போயிடுவா. திரும்பியே வரமாட்டா."

ராணிக்கு முன்னால் நீதான் புருஷன் வீட்டை விட்டு வந்தாய், ஒரு துணிப்பையோடு. முதுகில் பெல்ட் தடம். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டும் சொன்னாள்: "ராணியே பொறுத்துக்கினு இருக்கா. உனக்கு இன்னாடி? மைன்ஸ்ல பெர்மனென்ட், குவார்ட்டர்ஸ் குடுத்துருக்காங்க."

"ராணிக்கு ஆக்கிப் போட ஆள் இருக்கும்மா. எனக்கு மூணு ஷிப்டுக்கும் நான்தான்."

அப்பா சிரித்தார். ஆயுசு முழுக்க காண்ட்ராக்டில் உழைத்தவருக்கு பெர்மனென்ட் மாப்பிள்ளை என்றால் சாமி. நாலாம் நாள் அவரே உன்னைக் கொண்டுபோய் விட்டார். பஸ் ஸ்டாண்ட் வரை வந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டே மாதம். மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகிப் பத்து நாள் ஆகியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாத மனுஷன், உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்கிட்ட சொல்லவே இல்லீங்க" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்ல வரிசையில் நின்றார்கள்.

நேற்று சீரியல் முடிந்தது. ராணி நிஜமாகவே குதிரை ஏறினாள் அக்கா. ஆற்றங்கரை வரை போனாள். ராஜா வந்து ஒரே ஒரு தடவை அழுதான். அவள் இறங்கி அவன் காலில் விழுந்தாள். பூ கொட்டினார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பிடியோ சேந்துட்டாங்க."

டிவியை அணைத்தேன். "உன் பொண்ணையும் இப்பிடித்தானம்மா சேத்து வச்ச. எங்க அவ?"

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நாளைக்கு மாதா கோயிலில் உனக்கு முப்பதாம் நாள் பூசை. பூசையில் பெயர் வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் கொடுக்கும் சீட்டில் அப்பா உன்னை மாமாவின் மனைவி என்று எழுதி வைத்திருந்தார். அதை அடித்துவிட்டு 'எங்கள் மகள்' என்று எழுதினேன். அம்மா வந்து பார்த்தாள். தடுக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பொறுமைசாலி என்று மட்டும் அவளைச் சொல்லிவிடாதீர்கள்.