மேலே நின்ற மழைத்தண்ணீர்

இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மேடு. ஆய்வகத் திரையில் அந்தக் கோடு நான்கு வாரமாக அப்படியே நின்றது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டி.என்.ஏ. என்றால் வலமாக முறுக்கிய ஏணி என்றுதான் எல்லாப் படத்திலும் போடுகிறார்கள். ஆனால் சில வகை இழைகளைக் கனத்த உப்புத்தண்ணீரில் போட்டால் இடமாக முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சமாசாரத்தை, சி.டி. என்கிற ஒளி அளக்கும் மெஷின் காட்டிக்கொடுக்கும். வலம் சுழலும் ஒளியையும் இடம் சுழலும் ஒளியையும் இழைக்குள் அனுப்பி, எதை எவ்வளவு விழுங்கியது என்ற வித்தியாசத்தைக் கோடாகப் போடும். முறுக்கு மாறினால் மேடும் பள்ளமும் இடம் மாற வேண்டும்.

என் மூன்று வருட உழைப்பு அந்த மாற்றத்தின் மேல்தான் நின்றது. சீனியர் கரைத்து வைத்திருந்த உப்புத்தண்ணீரில் ஒழுங்காக மாறிக்கொண்டிருந்தது. அது தீர்ந்து நானே கரைக்கத் தொடங்கியதும் நின்றுபோனது. "உப்பு சரியா இருக்கா பாரேன்" என்று சீனியர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உப்பு விளையும் மரக்காணத்துக்காரியிடம் வந்து உப்பைப் பற்றிப் பேசுவதா? தராசில் இம்மி பிசகாமல்தான் நிறுத்தேன். வாரா வாரம் புதிதாகவும் கரைத்தேன். கடைசியில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் கூப்பிட்டார். "புதன்கிழமைக்குள்ள மாறலைன்னா வேற தலைப்பு எடுத்துக்கம்மா. முன்னாடி நீ காட்டினதே நெஜமான்னு இப்ப சந்தேகமா இருக்கு." தலைப்பு போனால்கூடத் தாங்கியிருப்பேன். பொய்க்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போக முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். முந்தின நாள் திடீர் மழை. அண்ணன் கடலுக்குப் போயிருந்தான். அண்ணி உப்புப் பாத்தியில் இருந்தார். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். வாய் மட்டும் ஊருக்கே மூத்தது. பாத்தி வரப்பின் மேல்விளிம்பை மண்வெட்டியால் லேசாகச் சீவி, மேலாகத் தேங்கிய தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். நான் புலம்பிக்கொண்டே தொப்பென்று உள்ளே இறங்கிவிட்டேன்.

"அய்யய்யோ, கலக்காத பாப்பா! படிச்சுப் படிச்சு மூளையே மழுங்கிப்போச்சா ஒனக்கு? மேல நிக்கிறது வெறும் மழைத்தண்ணி. அத மட்டும் வெளிய வுட்டாத்தான் அடியில இருக்கிற உப்புத்தண்ணி மிஞ்சும். ஏறு மேல!"

ஏறவில்லை. கணுக்கால் தண்ணீரில் அப்படியே நின்றேன். கலக்காதே, கலக்காதே என்று கேட்டே வளர்ந்த கை இது. ஆய்வகத்திலும் உப்பைக் கரைத்து, மேலே அளவுக்கோடுவரை நல்ல தண்ணீரைக் குடுவையின் ஓரமாக மெல்ல வழியவிட்டு, அலுங்காமல் மூடி வைத்திருக்கிறேன். தலைகீழாக்கிக் குலுக்கவே இல்லை. கனத்த தண்ணீர் அடியில் கிடக்க, நான்கு வாரமாக மேல்தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி இழைக்கு ஊற்றியிருக்கிறேன்! "அண்ணி!" என்று கத்தி அவரைக் கட்டிப் பிடித்தேன். "வுடுடி, மம்முட்டி கால்ல வுழப்போவுது" என்று திமிறினார்.

திங்கட்கிழமை குடுவையைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டினேன். சீனியர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கம். மாதிரியை வைத்தேன். கோடு நகர்ந்தது. மேடு இருந்த இடத்தில் பள்ளம் இறங்கியது, பள்ளம் இருந்த இடத்தில் மேடு எழுந்தது. நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். சார் நம்பவில்லை. தன் கையாலேயே புதிதாகக் கலந்து மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் மாறியது. "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார், எல்லார் எதிரிலும்.

இன்று அந்த மெஷின் என் பொறுப்பில் இருக்கிறது. எத்தனையோ கோடுகளைப் பார்த்தாயிற்று. ஆனாலும் அன்று வராந்தாவுக்கு ஓடிப்போய் அண்ணிக்குப் போன் போட்ட அந்த நிமிஷம்போல் இன்னொன்று வாய்க்கவில்லை. "அண்ணி, ஜெயிச்சிட்டேன்! நீங்க திட்டினதாலதான்" என்றேன். பாத்தியில் இருந்த மற்ற பெண்களிடம் அவர் கூவிச் சொன்னது எனக்கும் கேட்டது. அவர்கள் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத பாப்பா," என்றார் அண்ணி, தானும் மூக்கை உறிஞ்சியபடி. "நான் திட்டுனதுக்கே ஜெயிச்சியா? அடுத்த வாட்டி மாட்டிக்கினா நேரா எனக்குப் போன் போடு. இன்னும் நல்லா திட்டுறேன்."