எப்பவுஸ் யாரும்மா?

கொரியர் ஆபீஸ் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். ரூல் என்றால் ரூல்தான் என்று கத்தியே பேர் வாங்கினேன். அந்தக் கத்தலால் ஒரு குழந்தையின் பாலைத் திருப்பி அனுப்பப் பார்த்த கதை இது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் பாண்டிச்சேரிக்கு ஆன்லைன் பார்சல்கள் வரத் தொடங்கியிருந்தன. வெப்சைட்டில் மூன்று நாள் என்று போட்டிருப்பான். முதலியார்பேட்டையில் எங்கள் ஆபீசுக்கு வரவே பத்து நாள் ஆகும். சேதராப்பட்டு என்றால் கம்ப்யூட்டர் 'ஓடிஏ' என்று காட்டும், அதாவது டெலிவரி எல்லைக்கு வெளியே. அந்த ஊர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு எங்கள் வண்டி தினமும் போகும். எதிர்ப்பக்கத்து வீட்டுக்குப் போகாது. ஏழு நாளுக்குள் பார்ட்டியே அடையாள அட்டையோடு வந்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் 'ஆர்டிஓ', அனுப்பினவனுக்கே திரும்பிவிடும்.

ரோசாலி வந்தது ஏழாவது நாள். வெப்சைட் அதுவரைக்கும் 'வந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டியதாம். ஐந்து மாதக் கைக்குழந்தைக்கு மாட்டுப்பால் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் எழுதின சோயா பவுடர் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை என்பதால், பிரான்சில் வேலை பார்க்கும் கணவர் அங்கிருந்தே ஆர்டர் போட்டிருந்தார். வீட்டில் இருக்கும் டப்பா நாளைக் காலை வரைக்கும்தான் என்றார் ரோசாலி.

பார்சலில் 'மரியஜோசப் ரோசாலி' என்று இருந்தது. அவருடைய பிரெஞ்சு அடையாள அட்டையிலோ முதல் வரி சின்னப்பன், இரண்டாவது வரி எப்பவுஸ் மரியஜோசப், அதற்கும் கீழேதான் ரோசாலி.

"சின்னப்பன் யாரு? எப்பவுஸ் யாரும்மா? பார்சல்ல அந்தப் பேரே இல்லியே."

"சின்னப்பன் எங்க அப்பா சார். எப்பவுஸ் இல்ல, அது பிரெஞ்சுல..."

"பிரெஞ்செல்லாம் எனக்கு வாணாம். ரேஷன் கார்டு கொண்டாங்க."

"பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு ஏது சார் ரேஷன் கார்டு?"

வரிசையில் ஆள் நின்றதால் அடுத்தவரைக் கூப்பிட்டேன். ரோசாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இன்றைக்கும் எனக்கு வெட்கம் அதில்தான்.

நாலரைக்கு ஆர்டிஓ பை வேனில் ஏறிச் சென்னைக்குக் கிளம்பியது. சற்று நேரத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் ஒருவர் வந்தார். அவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். பிரான்சுக்கு அனுப்ப மனைவியின் அட்டை ஜெராக்ஸை நீட்டினார். அதிலும் இரண்டாவது வரியில் எப்பவுஸ்!

"உங்க வீட்லயும் எப்பவுஸா? சேதராப்பட்டுக்காரங்களுக்குச் சொந்தமா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எபூஸ்பா. எபூஸ்னா பொண்டாட்டி. மேல பொறந்த வீட்டுப் பேரு, கீழ புருஷன் பேரு. இத்தினி வருஷம் என்னத்தப் படிச்ச?"

அவருடைய கவரை அப்படியே வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன். நல்ல வேளை, கடலூர் ரோட்டு ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்கள் வேன் வரிசையில் மூன்றாவதாக நின்றது. அந்த கேட்டைத் திட்டாமல் நான் நின்ற ஒரே நாள் அதுதான். பையின் சீலை உடைக்க மாட்டேன் என்றார் டிரைவர். நானே உடைத்து, ஷீட்டில் என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பார்சலை எடுத்தேன். அப்புறம்தான் மூச்சே வந்தது. நேராக சேதராப்பட்டுக்கு விட்டேன்.

ரோசாலி குழந்தையோடு வாசலுக்கு வந்தார். கவுண்டர் கம்பிக்கு வெளியே என்னை அடையாளம் தெரியவில்லை போலும்.

"கொரியர் ஆபீஸ் பழனிவேலும்மா. தப்பு என்னுதுதான்," என்று பார்சலை நீட்டினேன்.

உடனே வாங்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் படித்தார். கம்பெனிக்காரன் இனிஷியலைப் பேராக்கி அச்சடித்த கார்டு அது.

"காசிநாதன்னு போட்டிருக்கே?"

"அது எங்க அப்பா பேரும்மா."

"ப்ரூஃப் இருக்கா சார்?"

நான் பர்ஸைத் தேடிப் பாக்கெட்டைத் தடவினேன். அவர் சிரித்துவிட்டார். பார்சலைக் கெட்டியாக வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, டெலிவரி ஷீட்டில் அப்பா பேர், புருஷன் பேர், தன் பேர் மூன்றையும் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து, எதிரில் நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை நான் அடுத்தவரைக் கூப்பிட்டதில்லை.